தொண்ணூறு முருகா

கோவை கோல்டுவின்ஸில் மேம்பாலம் ஏறினால் உப்பிலிபாளையத்தில் இறங்கும்வரை பிரேக்கில் கால் வைக்க வேண்டியதில்லை. 10.1 கிலோமீட்டர். மணிக்கு 60 என்று பிடித்தால் பத்து நிமிஷத்துக்கு மேல் ஆறேழு விநாடி. 2020-ல் தோண்ட ஆரம்பித்து, ஐந்து வருஷம் தகரத் தடுப்பும் புழுதியுமாக அவினாசி ரோட்டைப் புரட்டிப் போட்டுவிட்டு, 2025 அக்டோபர் 9-ம் தேதி திறந்து, ஜி.டி. நாயுடுவின் பெயரையும் வைத்தார்கள். திறந்த வாரமே நானும் வீட்டில் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போனேன். கண்ணாடியை இறக்கியதும் மேற்கே மலைப்பக்கமிருந்து நல்ல காற்று வந்தது. போனில் படம் பிடித்துக்கொண்டே வந்த மகள் திடீரென்று, "லட்சுமி மில்ஸ் எப்பங்கப்பா வரும்?" என்று கேட்டாள். வெளியே பார்த்தேன். மொட்டை மாடிகள், கறுப்புத் தண்ணீர்த் தொட்டிகள், விளம்பரப் பலகைகளின் முதுகு. லட்சுமி மில்ஸ் எப்போதோ பின்னால் போயிருந்தது. விநாடி விநாடியாக நான் அளந்து வைத்திருந்த சாலையில் லட்சுமி மில்ஸைத் தாண்டியது எனக்குத் தெரியவில்லை.

உங்களுக்கும் இப்படி ஒரு சாலை இருந்திருக்கும். சென்னைக்காரர் என்றால் அண்ணா சாலை, மதுரைக்காரர் என்றால் கோரிப்பாளையத்தைத் தாண்டிப் போகும் வழி. எந்த சிக்னலில் பச்சை பிடித்தால் அடுத்தது தானாகக் கிடைக்கும், எதில் மாட்டினால் அன்றைக்கு வீடு சேரும்வரை வரிசையாகச் சிவப்புத்தான் என்பதெல்லாம் யாரும் சொல்லித் தராமல் கைக்கும் காலுக்கும் தெரிந்திருக்கும். தூரத்தில் விளக்கைப் பார்த்ததும் வாய் தானாக எண்ண ஆரம்பித்திருக்கும். அப்படி எண்ணிய ஒருவனின் கதை இது. எண்ணக் கற்றுக்கொடுத்த ஒருவரின் கதையும்தான்.

1996-ல் எனக்கு இருபத்தைந்து வயசு. சித்ராவுக்குப் பக்கத்தில் மோட்டார் பம்ப் செய்யும் ஒரு கம்பெனியில் டெஸ்பாட்ச் வேலை. வெளியூர்க்காரர்கள் சித்ரா என்றதும் ஏதோ ஒரு பெண்ணின் பேரில் அமைந்த ஊர் என்று நினைப்பார்கள். தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகத்தின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம்தான் பஸ் போர்டில் ஏறி, கண்டக்டர் வாயில் உருண்டு, சித்ரா ஆகிவிட்டது. தினமும் இரண்டு தடவை இன்வாய்ஸும் எல்.ஆர். புத்தகமும் எடுத்துக்கொண்டு ஊருக்குள் இருந்த லாரி ஷெட்டுக்குப் போய் வர வேண்டும். தவணையில் வாங்கிய சுசுகி சாமுராய் இருந்தது. காலையில் சோக்கை இழுத்து உதைத்தால் நீலமாகப் புகை கிளம்பும். டூ-ஸ்ட்ரோக் ஆயில் வாசனை சட்டையிலேயே தங்கும். போகிற வழியில் எனக்குக் கணக்கு ஆறு சிக்னல். சித்ரா, ஹோப்ஸ் காலேஜ், பீளமேடு, நவ இந்தியா, லட்சுமி மில்ஸ், அண்ணா சிலை. ஆறையும் நிற்காமல் கடப்பது என்பது அந்த வயசில் எனக்கு ஒரு விரதம் மாதிரி.

விரதத்தை நான் காத்த விதம்தான் தப்பு. தூரத்தில் பச்சை தெரிந்தால் போதும், ஆக்சிலரேட்டரை முறுக்குவேன். அது அணைவதற்குள் போய்விட வேண்டும், மஞ்சளில் முன் சக்கரம் கோட்டைத் தாண்டிவிட்டால் ஜெயித்தேன். இளமைக்குப் பச்சை என்றால் தனக்காகவே எரிவதாக ஒரு நம்பிக்கை இருக்கிறது. அந்தப் பையனை இப்போது நினைத்தால் எனக்குக் கோபம் வரவில்லை. அவன் போக்கு அப்படி. ஆனால் ஒருநாள் ஒரு பெரியவர் விழுந்த காட்சியை மட்டும் முப்பது வருஷமாக மறக்க முடியவில்லை.

நவ இந்தியாவில் நடந்தது. மஞ்சள் விழுந்து, அதுவும் போய்ச் சிவப்பு வருகிற நேரம். ஆவாரம்பாளையம் பக்கமிருந்து சைக்கிளில் ஒருவர் மெல்ல நகர ஆரம்பித்துவிட்டார். மில் தொழிலாளி, காக்கி டிரவுசர், வெள்ளை பனியன், தோளில் துண்டு, ஹேண்டில்பாரில் மூன்றடுக்கு டிபன் கேரியர். நான் பிரேக் பிடித்த பிடியில் வண்டி பக்கவாட்டில் இழுத்து, அவருடைய முன் சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. இடிக்கவில்லை. பயத்தில் அவர்தான் சைக்கிளோடு சாய்ந்தார். கேரியர் தனியாகக் கழன்று ரோட்டில் உருண்டது. கொக்கி விட்டுப்போய் அடுக்குகள் பிரிந்தன. மேல் அடுக்கில் இருந்த பொரியல் ஒரு பக்கம், நடு அடுக்கில் கொள்ளுப் பருப்பு, கடைசி அடுக்குச் சோறு கவிழ்ந்து கிண்ணத்தின் வடிவத்திலேயே, உடையாமல், தார் ரோட்டில் வெள்ளையாக உட்கார்ந்திருந்தது. சுற்றிலும் ஹாரன். நான் குனிந்து காலி அடுக்குகளைப் பொறுக்கினேன். கை நடுங்கியது. அவர் துண்டை உதறிக்கொண்டே எழுந்து என்னைத்தான் பார்த்தார். "உனக்கொண்ணும் அடிபடலயே கண்ணு?" என்று கேட்டார்.

என் சாப்பாட்டுப் பையை அவர் சைக்கிளில் மாட்டிவிட்டேன். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மில் சங்கு ஊதுகிற சத்தம் கேட்டதும் நேரமாகிவிட்டது என்று வாங்கிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு ஒரு வாரம் நான் எல்லாப் பச்சைக்கும் பயந்து, எரிந்துகொண்டிருக்கும்போதே நின்றேன். பின்னால் வந்தவர்கள் என்னென்னவோ சொல்லிவிட்டுப் போனார்கள்.

எங்கள் கம்பெனியில் ஒரு மேட்டடார் வேன் இருந்தது. பம்புகளை லாரி ஷெட்டுக்குக் கொண்டுபோவது அதுதான். அதை ஓட்டியவரை முதலாளி முதல் பேக்கிங் பையன் வரை எல்லோரும் அண்ணன் என்றுதான் சொல்வோம். பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர். வால்பாறையிலிருந்து தேயிலை லோடு இறக்கி ஓட்டிப் பழகிய கை. ஆழியாறு வரை 40 கொண்டை ஊசி வளைவு. லோடோடு இறங்கும்போது பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் பாதி மலையில் டிரம் காய்ந்து பிடிக்காமல் போய்விடும். கியரில் கட்டிப் பிடித்துத்தான் இறக்க வேண்டும். "பிரேக்க நம்பறவன் மலையெறங்க முடியாது கண்ணு" என்பார். சமதளத்துக்கு வந்த பிறகும் அவருக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. ஒரு டன்னுக்குக் குறையாமல் இரும்பு ஏற்றிய வண்டியை நிறுத்தி, மறுபடி முதல் கியரில் கிளப்பும்போது கிளட்ச் பிளேட் தேய்வதும் டீசல் எரிவதும் அவர் உடம்பிலிருந்து ஏதோ போவதுபோல முகத்தில் தெரியும்.

ஒருநாள் நவ இந்தியா சிக்னலில் நானும் அவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். பச்சை விழுந்தது. பயம் தெளிந்திருந்த நேரம். நான் முறுக்கிக்கொண்டு கிளம்பினேன். லட்சுமி மில்ஸில் போய் நின்றேன், சிவப்பு. ஹெல்மெட் எல்லாம் யார் போட்டார்கள் அப்போது, தலையைக் கோதிக்கொண்டு நின்றேன். அரை நிமிஷம் கழித்துப் பச்சை விழுந்து, கிளட்ச்சை விட்டுக் கிளப்புவதற்குள், பின்னாலிருந்து மேட்டடார் அதே நிதானத்தில், ஒரு தடவைகூடத் தயங்காமல், என்னைத் தாண்டிப் போனது. அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மறுநாளும் அதே. அதற்கு மறுநாளும் அதே. மூன்றாம் நாள் ஷெட்டில் லோடு இறங்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்து, "எப்படிங்கண்ணா?" என்று கேட்டேன்.

"தொண்ணூறு முருகா" என்றார்.

பழனிக்கும் மருதமலைக்கும் வருஷம் தவறாமல் நடந்து போகிறவர் அவர். கைக்கடிகாரம் கட்டியதில்லை. ஒரு விநாடிக்கு ஒரு முருகா. மனசுக்குள் ஒரே தாளத்தில் சொல்லிக்கொண்டே வருவார். நவ இந்தியாவில் பச்சை விழுந்து அடுத்த பச்சை விழத் தொண்ணூறு முருகா. லட்சுமி மில்ஸிலும் தொண்ணூறு. இரண்டும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் விழுகின்றன என்பதையும் அவர் கண்டுபிடித்து வைத்திருந்தார். நடுவில் இருக்கும் தூரம் என் வண்டி மீட்டரில் சுமார் ஒரு கிலோமீட்டர். அன்றிரவு ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கிலோமீட்டர் போக மிகச்சரியாக 90 விநாடி. 60-ல் பறந்த நான் 60 விநாடியில் போய் 30 விநாடி நின்றேன். 40-ல் வந்தவர் நிற்கவே இல்லை. இரண்டு பேருக்கும் லட்சுமி மில்ஸ் போகப் பிடித்தது அதே ஒன்றரை நிமிஷம்தான். நான் செலவழித்தது மட்டும் கூட. அந்தத் தாளை ரொம்ப நாள் மணிபர்ஸில் வைத்திருந்தேன்.

இதற்குப் பச்சை அலை என்று பொறியாளர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் பல வருஷம் கழித்துப் படித்துத் தெரிந்துகொண்டது. ஒரு சந்திப்பில் பச்சை விழுந்து எத்தனை விநாடி கழித்து அடுத்ததில் விழ வேண்டும் என்பது, நடுவிலுள்ள தூரத்தை வண்டி போகும் வேகத்தால் வகுத்தால் கிடைக்கும் விடை, அவ்வளவுதான் அடிப்படை. அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் 1917-லேயே அடுத்தடுத்த சந்திப்புகளின் விளக்குகளை ஒன்றாக இணைத்து, ஒரே இடத்திலிருந்து கையால் ஸ்விட்சைப் போட்டு இயக்கினார்கள். அங்கேயும் ஆறு சந்திப்பு. படித்தபோது அந்த ஆறு என்ற எண் எனக்கு ரொம்பப் பிரியமாக இருந்தது. மூன்று வருஷம் கழித்து, 1920-ல், டெட்ராய்ட் நகரத்துப் போலீஸ்காரர் வில்லியம் பாட்ஸ் நான்கு பக்கமும் தெரியும்படி சிவப்பு, மஞ்சள், பச்சை மூன்றையும் ஒரே கம்பத்தில் கொண்டுவந்தார். அதே 1920-ல்தான் ஜி.டி. நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே தன் முதல் பஸ்ஸை விட்டார். அண்ணனின் அப்பாரு நாயுடுவின் பஸ்ஸில் பழனிக்குப் போனவராம். சொன்ன நேரத்துக்கு வரும், சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேரும் என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம். முருகனையும் நேரத்தையும் சேர்த்துப் பிடிக்கிற குணம் அண்ணனுக்கு அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு நேரம் கிடைத்தபோதெல்லாம் சாமுராயைக் கம்பெனியில் போட்டுவிட்டு மேட்டடாரில் ஏறிக்கொள்வேன். ஒரு பாடசாலை மாதிரி இருந்தது அந்த முன் சீட். எஞ்சின் பெட்டியின் சூடு தொடையில் ஏறும். மேலே சிறு வெண்கல வேல் தொங்கி ஆடும். அண்ணன் சொன்ன முதல் பாடம், தூரத்துப் பச்சையைப் பார்த்துச் சந்தோஷப்படாதே என்பது. "அது பழைய பச்சை. நாம போறதுக்குள்ள செத்துரும். செவப்பப் பாத்துப் போ. நாம போய்ச் சேர்றப்ப அதுதான் நமக்குப் பச்சையாகும்." இதைக் கேட்ட அன்றைக்கு எனக்குள் ஏதோ ஒன்று இடம் மாறி உட்கார்ந்தது. அதுவரை நான் துரத்தியதெல்லாம் வேறு யாருக்கோ விழுந்த பச்சை.

விளக்கைப் பார்க்காமல் பக்கத்துக் கிளையைப் பார்க்கவும் சொல்லிக்கொடுத்தார். ஹோப்ஸில் சிங்காநல்லூர்ப் பக்கத்திலிருந்து வருகிற பஸ்கள் வேகமாகத் திரும்பிக்கொண்டிருந்தால் அவர்களுக்கு இப்போதுதான் விழுந்திருக்கிறது, நமக்கு இன்னும் நேரமிருக்கிறது. கடைசியாகச் சைக்கிள்களும் தள்ளுவண்டியும் கடக்க ஆரம்பித்தால் அந்தப் பக்கம் முடியப்போகிறது. லட்சுமி மில்ஸில் காலை நெரிசலில் கான்ஸ்டபிள் கம்பத்துப் பெட்டியைத் திறந்து கையாலேயே விளக்கு மாற்றுவார். அப்போது முருகா கணக்கு உதவாது. அண்ணன் கான்ஸ்டபிளின் கழுத்தைப் பார்ப்பார். புலியகுளம் பக்கம் ஒரு தடவை பார்த்தால் சும்மா பார்க்கிறார். இரண்டாவது தடவை பார்த்தால் திறந்துவிடப் போகிறார். ஷிப்ட் விடுகிற நேரத்துக் கணக்கு தனி. சங்கு ஊதிச் சில நிமிஷத்தில் மில் வாசலிலிருந்து சைக்கிள்கள் வெள்ளமாக வரும். அந்த நேரத்தில் பச்சையே விழுந்தாலும் அண்ணன் காலை எடுத்துவிடுவார். "ராத்திரி பூரா நூலுக்கு நின்ன மனுசங்க, தூக்கத்துல வர்றாங்க" என்பார். கொள்ளுப் பருப்பு கொட்டிய பெரியவர் அந்த வெள்ளத்தில் இருக்கிறாரா என்று நான் ஒவ்வொரு முறையும் தேடுவேன்.

காலை எடுப்பது. மொத்த வித்தையும் அதில்தான் இருந்தது. 300 மீட்டர் முன்னாலேயே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து வண்டியை அதன் போக்கில் உருளவிட வேண்டும். இரும்பு ஏற்றிய வண்டிக்கு ஓர் எடை இருக்கிறது, அது கொஞ்ச தூரம் தானே போகும். மூன்றாம் கியர், அப்புறம் இரண்டு. விளக்கு மாறும்போது வண்டி ஊர்ந்துகொண்டாவது இருக்க வேண்டும்; சக்கரம் முழுதாக நின்றுவிடக் கூடாது. சிவப்பை நோக்கி ஒருவன் எதற்காக மெதுவாகப் போகிறான் என்று பின்னால் வருகிறவர்களுக்குப் புரியாது, ஹாரன் அடிப்பார்கள். அண்ணன் ஜன்னல் வழியே வலது கையை நீட்டி, உள்ளங்கை கீழே பார்க்க, மேலும் கீழும் மெல்ல அசைப்பார். லைசன்ஸ் வாங்கும்போது எல்லோரும் படிக்கிற கை சைகைதான் அது; மெதுவாகப் போகிறேன் என்று அர்த்தம். அவர் செய்யும்போது அழுகிற குழந்தையைத் தட்டிக்கொடுப்பது போல இருக்கும்.

ஆறும் ஒரே ஓட்டத்தில் கிடைத்த நாட்கள் குறைவு. தூரங்கள் ஒரே மாதிரி இல்லை. பீளமேட்டிலிருந்து நவ இந்தியாவுக்கு ஒரு வேகம், லட்சுமி மில்ஸிலிருந்து அண்ணா சிலைக்கு இன்னொரு வேகம் என்று மாற்றி மாற்றிப் பிடிக்க வேண்டும். காலையில் போகும்போது பொருந்திய கணக்கு சாயங்காலம் திரும்பும்போது எல்லா இடத்திலும் பொருந்தாது. எனக்கு நினைவிருக்கும் நாள் 1998-ல் ஒரு ஐப்பசிச் சாயங்காலம். மழை விட்டு அரை மணி ஆகியிருந்தது. மேட்டடார் காலியாகத் திரும்புகிறது. ஈர ரோட்டில் ஒவ்வொரு விளக்கும் தலைகீழாக நீளமாகக் கிடக்கிறது. அண்ணா சிலையில் கிடைத்தது. லட்சுமி மில்ஸ் நாங்கள் 20 மீட்டரில் இருக்கும்போது திறந்தது. நவ இந்தியாவிலும் கிடைத்தபோது இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டோம். பீளமேடு. ஹோப்ஸில் ஒரு டவுன் பஸ் குறுக்கே மெதுவாகத் திரும்பியது. அண்ணன் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு இரண்டாம் கியரில் ஊரவிட்டார், பஸ்ஸின் வால் விலகுகிற அதே நொடியில் பச்சை. கடைசியாகச் சித்ரா. அதுவும் திறந்தது. கம்பெனி கேட்டுக்குள் நுழைந்து எஞ்சினை நிறுத்திவிட்டு அண்ணன் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பேக்கரியில் இரண்டு டீயும் தேங்காய் பன்னும் சொன்னார். காசு அவர்தான் கொடுத்தார். அன்றைக்கு எங்களுக்குக் கிடைத்தது என்ன என்று யாராவது கேட்டிருந்தால் மிச்சமான டீசலைத்தான் சொல்லியிருப்போம்.

பிறகு கம்பங்களில் எண் வந்தது. சிவப்பு எண்ணாகத் தலைகீழாக இறங்கி வரும், 43, 42, 41. நாங்கள் வாய்க்குள் சொல்லிவந்த முருகா எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி மேலே எரிந்தது. எனக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது, இனி ஊரே காலை எடுத்து ஓட்டும் என்று நினைத்தேன். அப்படி நடக்கவில்லை. மூன்று வரும்போதே எல்லோரும் கிளம்பினார்கள். பச்சையின் கடைசி ஐந்தில் எல்லோரும் பறந்தார்கள். அண்ணனிடம் கேட்டேன். "நம்பரப் பாக்கறான், ரோட்டப் பாக்கறதில்ல" என்று மட்டும் சொன்னார். 2010 ஜூனில் செம்மொழி மாநாடு கொடிசியாவில் நடந்தபோது சாலைக்குப் புது மெருகு வந்தது, வண்டிகளும் பெருகின. பச்சை அலையைக் கலைப்பது வண்டிகளின் வரிசைதான். நமக்குச் சரியான நேரத்தில் பச்சை விழுந்தாலும் முன்னால் ஏற்கெனவே நாற்பது வண்டி நின்றிருந்தால் அது நகர்ந்து கலைவதற்குள் நம் வேகம் செத்துவிடும். அந்த வரிசை கலைய எத்தனை விநாடி என்பதையும் கழித்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன் கொஞ்ச நாள். ஒவ்வொரு மாசமும் வரிசை நீண்டுகொண்டே போனது. ஒரு கட்டத்தில் ஒரே சிக்னலில் மூன்று பச்சையை நின்று பார்க்கிற நிலை வந்தபோது எண்ணுவதை விட்டேன்.

நான் எண்ணிக்கொண்டிருந்த நாட்களில் சிவப்பை விரும்பிய ஒருவர் எங்கள் வீட்டிலேயே இருந்தார் என்பது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. கல்யாணமான புதிதில் மனைவியைப் பின்னால் உட்கார வைத்து, சிக்னல் சிக்னலாக நிற்காமல் உருட்டிக்கொண்டு போய், "பாத்தியா, ஒண்ணுலயும் நிக்கல" என்று பெருமையாகத் திரும்புவேன். அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள். ஒருநாள் பீளமேட்டில் வசமாக மாட்டிக்கொண்டபோதுதான், "நின்னாத்தானுங்க நீங்க பேசறது எனக்குக் கேக்குது" என்றாள். டூ-ஸ்ட்ரோக் சத்தத்தில் அதுவரை நான் சொன்ன எதுவும் அவளுக்குக் கேட்டதில்லை. அன்றைக்கு அந்தச் சிவப்பில்தான், சத்தத்துக்கு வண்டியை ஆஃப் செய்துவிட்டு, மகள் பிறக்கப்போகும் செய்தியைக் கேட்டேன். பச்சை விழுந்தும் நான் கிளம்பாமல் நின்ற ஒரே சிக்னல் அது.

சில வருஷத்துக்கு முன்னால் சிக்னல்களையே எடுத்துவிட்டு யூ-டர்ன் வைக்க ஆரம்பித்தார்கள். லட்சுமி மில்ஸில் நேராகக் குறுக்கே போக முடியாது; இடதுபக்கம் திரும்பி, கொஞ்ச தூரம் போய், வளைந்து வர வேண்டும். யாரும் நிற்க வேண்டியதில்லை என்பது உண்மை. நடந்து கடக்கிறவர்களை நினைத்தால்தான் எனக்கு மனசு அடித்துக்கொள்கிறது. சிவப்பு என்பது வண்டிக்காரனுக்குத்தான் தடை. கடக்கிற பாட்டிக்கு அதுதான் வழி. ஓடிக்கொண்டே இருக்கும் ரோட்டின் ஓரத்தில் கையைத் தூக்கிக்கொண்டு, கால் மாற்றிக் கால் மாற்றி நிற்கும் அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் காலை எடுத்துவிடுகிறேன். அந்தப் பழக்கம் போகவில்லை. அண்ணனிடமிருந்து எனக்கு மிச்சமாக வந்தது அதுதான் என்றால் அது சின்ன விஷயமில்லை. மில் வாசலில் சைக்கிள் வெள்ளம் நின்று பல காலமாயிற்று. அந்த வளாகத்தில் இப்போது பெரிய கடைகள். சங்குச் சத்தத்தை என் மகள் கேட்டதே இல்லை.

அண்ணனுக்கு இப்போது எழுபத்தைந்து தாண்டிவிட்டது. சின்னியம்பாளையத்தில் மகன் வீட்டில் இருக்கிறார். கண் புரை ஆபரேஷன் முடிந்து செக்கப்புக்கு ஊருக்குள் கூட்டிப் போக வேண்டும் என்று மகன் போன் செய்தபோது, நானே கூட்டிப் போகிறேன் என்று காரை எடுத்துக்கொண்டு போனேன். கறுப்புக் கண்ணாடி, விபூதி, தோளில் துண்டு. முன் சீட்டில் உட்கார வைத்து பெல்ட்டை நான்தான் மாட்டிவிட்டேன். கோல்டுவின்ஸில் ஏறும்போது பலகையில் இருந்த பெயரைப் படித்துக் காட்டினேன். "எங்கப்பாரு கேட்டிருந்தா பூரிச்சுப் போயிருப்பாரு" என்றார். அப்புறம் பேச்சில்லை.

கொஞ்ச தூரம் போனதும் அவர் காலைக் கவனித்தேன். வலது கால் தரைவிரிப்பின் மேல் லேசாக அழுத்துகிறது, எடுக்கிறது, அழுத்துகிறது. உதடும் அசைந்துகொண்டிருந்தது. ஓரிடத்தில் நின்றது, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்த மாதிரி இருந்தது. இன்னும் கொஞ்ச தூரத்தில் மறுபடி நின்றது.

"எண்ணறீங்களாண்ணா?"

"பளக்கம் கண்ணு. வண்டி நவுந்தா வாயி தானா ஆரம்பிச்சுக்குது." கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி வெளியே இரண்டு பக்கமும் பார்த்தார். "எங்க முடிக்கறதுன்னுதான் தெரியல."

கீழே எட்டிப் பார்த்து, சுவருக்கு மேலே தெரிந்த கட்டடங்களை வைத்து, இது பீளமேடு, இது நவ இந்தியா என்று இரண்டு பேருமாகக் கண்டுபிடித்துக்கொண்டே போனோம். சிலது சரியாக இருந்திருக்கும். லட்சுமி மில்ஸைத் தாண்டிவிட்டோமா இல்லையா என்பதில் கடைசிவரை எங்களுக்குள் ஒரு முடிவு வரவில்லை. உப்பிலிபாளையத்தில் இறங்கி ஊருக்குள் நுழைந்தோம். தூரத்தில் ஒரு சிக்னல் தெரிந்தது. சிவப்பு. எண் காட்டும் பெட்டி எரியவில்லை. குறுக்குச் சாலையில் கடைசியாக ஒரு தள்ளுவண்டிக்காரர் கடந்துகொண்டிருந்தார்.

அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "காலை எடு கண்ணு" என்றார். "பன்னண்டு முருகா இருக்குது."

எடுத்தேன். கார் தானாக உருண்டது. பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். அண்ணன் கண்ணாடியை இறக்கி, இடது கையை வெளியே நீட்டி, காற்றை மெல்ல மெல்லத் தட்டிக்கொடுத்தார்.